கத்தாமல் லைன் ஓட்ட முடியுமா? திருப்பூர் கம்பெனிகளில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

லைன்_நாலு | திங்கள், இரவு 10:52

வணக்கம். பத்து வருடம் பேட்லாக் (பனியன் மடிப்பு அடிக்கிற மிஷின்) டெய்லராக இருந்தேன், நாலு மாதத்துக்கு முன்னால் லைன் இன்சார்ஜ், அதாவது ஒரு வரிசை மிஷினுக்குப் பொறுப்பாளர், ஆக்கினார்கள். என் லைனில் 34 பேர், அதில் 26 பேர் பெண்கள், ஒடிசாப் பையன்கள் ஐந்து பேர். டி-சர்ட் லைன்தான், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. புரொடக்ஷன் மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார், "தொண்டை இல்லாதவன் லைன் ஓட்ட முடியாது தம்பி" என்று. நான் மிஷினில் உட்கார்ந்திருந்தபோது யார் யாரிடம் திட்டு வாங்கினேனோ அவர்களைப் போலவே நானும் ஆகிக்கொண்டு வருகிறேனோ என்று கொஞ்ச நாளாக ஒரு உறுத்தல்.

போன வெள்ளிக்கிழமை அது முற்றிவிட்டது. கீழ்மடிப்பு அடிக்கிற ஒரு அக்கா, வயது 44 இருக்கும். அவர் அடித்ததில் 140 பீஸ் மடிப்போரம் பொடிப்பொடி ஓட்டையோடு செக்கிங்கிலிருந்து திரும்பி வந்தது. மறுநாள் வண்டி ஏற வேண்டிய சரக்கு. மேனேஜர் என்னை எல்லார் முன்னாலும் கேட்டார். நான் அப்படியே திரும்பி அந்த அக்காவைக் கேட்டேன். என்ன கேட்டேன் என்று முழுக்க எழுதக் கூச்சமாக இருக்கிறது, "கண்ணு தெரியலைன்னா வீட்ல உட்காரு" என்பதுதான் அதில் இருந்ததிலேயே நல்ல வார்த்தை. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்து பிரித்துக்கொண்டே இருந்தார், உள்ளே தள்ளி மடிக்க முடிந்ததை எல்லாம் இரவு எட்டரை வரை மறுபடி அடித்துக் கொடுத்தார். மீதி ரிஜெக்ஷன்.

சனிக்கிழமை அவர் வரவில்லை. சம்பள நாள் என்று தெரிந்தும் வரவில்லை. இன்றைக்கும் இல்லை.

மேலே இருந்து இறங்குகிற அழுத்தத்தைக் கீழே இருக்கிறவர் தலையில் கொட்டாமல் லைன் ஓட்டுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இருந்தால் எப்படி என்று சொல்லுங்கள். "அன்பாக இருங்கள்" மாதிரி பதில் வேண்டாம், அது எனக்கே தெரியும்.

கணக்குப்பிள்ளை | திங்கள், இரவு 11:15

தம்பி, நான் 18 மிஷின் போட்டு ஜாப் வொர்க் (எக்ஸ்போர்ட் கம்பெனிக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது) பண்ணுகிறவன், நான் சொன்னால் இங்கே நாலு பேர் சண்டைக்கு வருவார்கள், பரவாயில்லை. நானும் ஆரம்பத்தில் தங்கமாகத்தான் நடத்தினேன். கேட்டவர்களுக்கெல்லாம் அட்வான்ஸ் கொடுத்தேன், பிள்ளைக்குக் காது குத்து என்றால் கொடுத்தேன், பள்ளிக்கூடம் திறக்கிறது என்றால் கொடுத்தேன். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்களில் மூன்று பேர் அட்வான்ஸோடு அடுத்த தெருவில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள், ஷிப்டுக்கு இருபது ரூபாய் கூட என்று. இந்த ஊரில் ஆள் நிற்காது. நல்லவனாக இருந்தாலும் நிற்காது, கெட்டவனாக இருந்தாலும் நிற்காது. அந்த அக்கா வேறு கம்பெனியில் உட்கார்ந்து ஊசி கோத்துக்கொண்டிருப்பார், நீங்கள் இங்கே தூங்காமல் விவாத இழை தொடங்கியிருக்கிறீர்கள்.

ஊசிக்காது | செவ்வாய், காலை 6:20

நான் 17 வருடமாக ஓவர்லாக் (துணி ஓரத்தைச் சேர்த்து அடிக்கிற மிஷின்), அப்புறம் பேட்லாக். வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லைன்_நாலு, உங்களிடம் இரண்டு கேள்வி.

அந்த அக்காவிடம் நீங்கள் "வாங்க போங்க" பேசுவீர்களா, "வா போ" பேசுவீர்களா? வெள்ளிக்கிழமையை விடுங்கள், சாதாரண நாளில். கோயமுத்தூர், திருப்பூர்ப் பக்கம் என்றால் மரியாதைக்குப் பேர் போன ஊர், கோழியைக்கூட "அங்கிட்டுப் போங்க" என்று விரட்டுவோம் என்று மற்ற மாவட்டத்துக்காரர்கள் கேலி செய்வார்கள். பஸ்ஸில் பக்கத்தில் வந்து நிற்கிற அம்மாவை "உட்காருங்க" என்பார்கள். அதே அம்மா கம்பெனி கேட்டைத் தாண்டி உள்ளே வந்து மிஷினில் உட்கார்ந்துவிட்டால் 23 வயதுப் பையன் "ஏ, இங்க வா" என்பான். அந்த "ங்க" எங்கே போகிறது? நான் பார்த்தவரைக்கும் கேட்டில் செக்யூரிட்டி அதைக் கழற்றி வாங்கி வைத்துக்கொள்கிறார் போல, சாயங்காலம் வெளியே வரும்போதுதான் திருப்பிக் கொடுக்கிறார்.

இதில் ஒரு கூத்து, ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிற பெண் என் மகள் வயசு, அவளை எல்லாரும் "மேடம்". எனக்குப் பேரே கிடையாது, "மூணாவது பேட்லாக்". தப்பு வந்தால் "யாருடா அந்த மூணாவது பேட்லாக்?"

அடுத்த கேள்வி. மடிப்போரம் பொடி ஓட்டை என்றால் அது கண் தெரியாததால் வருவது இல்லை, பத்து வருட டெய்லர் உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். ஊசி முனை மழுங்கினால் பனியன் துணியில் கண்ணியை விலக்கிக்கொண்டு போகாமல் நூலை அறுத்துக்கொண்டு போகும். அடிக்கும்போது பாதி தெரியாது, இழுத்துப் பார்த்தால்தான் விரியும். அந்த அக்கா ஊசி கேட்டாரா இல்லையா? அதை விசாரித்தீர்களா?

லைன்_நாலு | செவ்வாய், இரவு 9:40

ஊசிக்காது அக்கா, காலையில் உங்கள் பதிலைப் படித்துவிட்டுத்தான் போனேன். போய் முதல் வேலையாக ஊசி ரிஜிஸ்டரைப் பார்த்தேன்.

வெளியூர் ஆட்களுக்காக: எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர் தானாக ஊசி எடுக்க முடியாது. உடைந்த ஊசித் துண்டு துணிக்குள் போய்விட்டால் ஆபத்து என்பதால் எல்லா ஊசியும் ஒருவர் பொறுப்பில் இருக்கும். பழைய ஊசியைக் கொடுத்தால்தான் புது ஊசி. உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். எங்கள் கம்பெனியில் அந்த டப்பா என் மேஜையில்தான் இருக்கிறது.

ரிஜிஸ்டரில் அந்த அக்கா வியாழக்கிழமை ஒரு ஊசி வாங்கியிருக்கிறார். வெள்ளிக்கிழமை வாங்கவில்லை. பக்கத்து மிஷின் பெண்ணிடம் கேட்டேன், முதலில் வாயே திறக்கவில்லை, டீ டைமில் தனியாகக் கேட்ட பிறகு சொன்னாள். வெள்ளிக்கிழமை காலையிலேயே "ஊசி சரியில்ல போல" என்று அந்த அக்கா சொல்லியிருக்கிறார். பிறகு ஏன் எழுந்து வரவில்லை? வியாழக்கிழமை அவர் ஊசிக்கு வந்தபோது நான் "தினம் ஒரு ஊசியா, ஊசியத் தின்றியா?" என்று கேட்டிருக்கிறேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். எனக்கு அது நினைவிலேயே இல்லை. அவருக்கு இருந்திருக்கிறது.

அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. 140 பீஸும் நான் போட்ட ஓட்டைதான்.

ஓசூர்க்காரன் | செவ்வாய், இரவு 10:30

எங்கள் பக்கம் கார், டூவீலர் உதிரிபாகம். நீங்கள் இன்றைக்குக் கண்டுபிடித்ததை டொயோட்டாக்காரன் பல வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்து ஒரு கயிறாகத் தொங்கவிட்டிருக்கிறான். அசெம்பிளி லைனில் நிற்கிற எந்த ஆளும் கோளாறு பார்த்தால் அந்தக் கயிற்றை இழுக்கலாம். இழுத்தவுடன் விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவார். அதற்குள் சரியாகவில்லை என்றால் லைன் நின்றுவிடும். ஆண்டான் என்று பெயர். (நம்ம ஆண்டான் அடிமை ஆண்டான் இல்லை, ஜப்பான் மொழியில் விளக்கு. இருந்தாலும் இந்தப் பெயர்ப் பொருத்தத்தை நினைத்து ட்ரெயினிங்கில் நான் சிரித்திருக்கிறேன்.)

கயிறு கட்டுவது சுலபம். இழுத்தவனைப் பார்த்து லீடர் முறைத்தான் என்றால் அடுத்த நாளிலிருந்து அது வெறும் கொடிக்கயிறு. நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் கயிறுக்குப் பதில் பட்டன் இருந்தது, ஒரு வருடமாக யாரும் அழுத்தவில்லை, ஆடிட்டுக்கு வந்தவரிடம் "எங்கள் லைனில் கோளாறே வருவதில்லை சார்" என்று பெருமையாகச் சொன்னார்கள்.

கணக்குப்பிள்ளை | செவ்வாய், இரவு 10:48

என் கம்பெனியில் கயிறு கட்டினால் மத்தியானம் தூக்கம் வரும்போதெல்லாம் இழுப்பார்கள்.

ஓசூர்க்காரன் | செவ்வாய், இரவு 10:51

மத்தியானம் இரண்டரைக்கு ஷெட் ஓட்டுக்குக் கீழே உங்களுக்கும் தூக்கம் வரும் அண்ணா. முதலில் ஃபேன் போடுங்கள்.

பூங்கொடி_எச்ஆர் | புதன், காலை 11:05

நான் எச்ஆர், 12 வருடம், இரண்டு கம்பெனி. மரியாதை என்றதும் எல்லாரும் பேச்சைப் பற்றியே பேசுகிறோம். பேச்சு முக்கியம்தான், ஆனால் மிக இனிமையாகப் பேசுகிற மேனேஜரின் கீழேயே டாய்லெட்டுக்குப் போக டோக்கன் வாங்கும் முறை இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். லைனுக்கு இரண்டு டோக்கன். போன ஆள் திரும்பி வந்தால்தான் அடுத்த ஆள். பெண்கள் என்ன செய்வார்கள் தெரியுமா, காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டார்கள். மே மாதத்தில்கூட. யாரும் யாரையும் திட்டவில்லை, "அக்கா" "கண்ணு" என்றுதான் பேச்சு. டோக்கனை எடுத்துவிட்டால் உற்பத்தி படுத்துவிடும் என்று ஆறு மாதம் என்னோடு வாதாடினார்கள். ஒரு மாதம் எடுத்துப் பார்க்கலாம் என்று ஒப்புக்கொள்ள வைத்தேன். ஒன்றும் படுக்கவில்லை. தண்ணீர் கேன் செலவுதான் ஏறியது.

நாற்காலியும் இப்படித்தான். நின்றுகொண்டே வேலை செய்கிறவர்கள் இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதியிருந்தது. செக்கிங், அயர்ன், பேக்கிங் பெண்கள் நாள் முழுக்க நிற்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஜவுளிக்கடை, நகைக்கடைப் பெண்களுக்குக் கேரளாவில் 2018-லும் தமிழ்நாட்டில் 2021-லும் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமை கொடுத்தார்கள். உட்காருவதற்குச் சட்டசபையில் மசோதா போட வேண்டியிருந்தது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, இரட்டை அர்த்தப் பேச்சு. லைனில் "சும்மா தமாஷ்" என்று ஓடுகிறதே, அது 2013 சட்டப்படி பாலியல் தொந்தரவுக் கணக்கில் வரும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தாலே உள்ளகக் குழு இருக்க வேண்டும். குழு இருக்கிறது என்று சுவரில் ஒட்டியிருப்பார்கள், அதில் யார் இருக்கிறார்கள் என்று லைனில் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

ஜவுளிக்கடை_பழசு | புதன், மதியம் 1:30

பூங்கொடி சொன்ன நாற்காலி விஷயத்தில் ஒரு சேதி. நான் சென்னையில் ஒரு பெரிய கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் ஒன்பது வருடம் நின்றேன். நின்றேன் என்றால் நின்றேன். தூணில் சாய்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு போன் வரும். 2021-க்குப் பிறகு ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள், உண்மை. "கஸ்டமர் இருக்கும்போது உட்காராதே" என்றார்கள், சரி, நியாயம்தான். "கஸ்டமர் இல்லாதபோது புடவை மடி" என்றும் சொன்னார்கள். ஸ்டூல் மேல் புடவைக்கட்டு வைத்திருந்தோம்.

நொய்யல்கரை | புதன், இரவு 8:15

வயதானவன், நீளமாக எழுதுவேன், பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம்.

நான் பனியன் கம்பெனிக்குக் கைமடிக்கப் போனபோது எனக்கு 12 வயது. பவர் டேபிளில் டெய்லர் அடிக்க அடிக்க நாங்கள் மடித்துக் கொடுக்க வேண்டும், தாமதமானால் டெய்லர் கையில் கிடைத்ததை எடுத்து வீசுவார். அதைவிடப் பெரியவர் முதலாளி. ஆனால் எங்கள் முதலாளி வீச மாட்டார். தோளில் கை போட்டுத்தான் பேசுவார். "நம்ம பையன்" என்பார். அவரும் ஒரு காலத்தில் மிஷின் மிதித்தவர்தான், திருப்பூரில் அப்படி மேலே வந்த முதலாளிகள் நிறைய. மதியம் எங்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார், எங்கள் தூக்கிலிருந்து ஊறுகாய் எடுத்துக்கொள்வார். அப்பா செத்தபோது வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்க இருந்தார். அவருக்காக உயிரைக் கொடுப்போம் என்றுதான் நாங்கள் எல்லாரும் இருந்தோம்.

1984-ல் பஞ்சப்படி கேட்டு ஊரே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. 127 நாள். இப்போதைய பிள்ளைகளுக்கு அது தெரியாது, நாலு மாதத்துக்கு மேல் திருப்பூரில் மிஷின் சத்தம் கேட்கவில்லை. விலைவாசி ஏறுகிறது, அதற்கு ஏற்ற படி கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. எங்கள் முதலாளி வீடு வீடாக வந்தார். கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு சொன்னார், "நான் உங்கள எல்லாம் என் பிள்ள மாதிரி வச்சிருந்தேன், எங்கிட்டயே கணக்குப் பேசறீங்களா?"

அன்றைக்கு எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது, மறைக்கவில்லை. பிறகு யோசித்தால், பிள்ளை மாதிரி என்றால் பங்கு கேட்கலாம்தானே? அவர் அன்பு பொய் இல்லை. ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்ததும் பொய் இல்லை. ஆனால் அந்த அன்பு ஊறுகாய் வரைக்கும்தான் வந்தது, பஞ்சப்படி வரைக்கும் வரவில்லை. அதனால்தான் "கத்தாமல் இருப்பது எப்படி" என்ற கேள்வி எனக்குக் கொஞ்சம் சின்னக் கேள்வியாகத் தெரிகிறது. எங்கள் முதலாளி ஒரு நாளும் கத்தியதில்லை.

கணக்குப்பிள்ளைக்கும் ஒன்று. அட்வான்ஸ் கொடுத்தது உங்கள் நல்ல மனசு, இல்லை என்று சொல்லவில்லை. ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளம் கொடுக்கிறீர்களா? ஆள் ஏன் இருபது ரூபாய்க்குப் போகிறான் என்பது அங்கே இருக்கிறது.

கணக்குப்பிள்ளை | புதன், இரவு 9:02

ஜாப் வொர்க்குக்கு எக்ஸ்போர்ட்காரன் பீஸுக்கு என்ன கொடுக்கிறான் தெரியுமா உங்களுக்கு? மூன்று வருடமாக அதே ரேட். பில் போட்டுத் தொண்ணூறு நாள் கழித்துப் பணம் வருகிறது. எனக்கு யார் மரியாதை காட்டுகிறார்கள்? அவர்கள் ஆபீஸில் நான் போனால் உட்காரக்கூடச் சொல்வதில்லை. இரட்டைச் சம்பளம் கொடுக்கவில்லை, கொடுக்க முடியவில்லை, உண்மையைச் சொல்லிவிட்டேன்.

நொய்யல்கரை | புதன், இரவு 9:20

நீங்கள் சொல்வது ஞாயம். அங்கே உங்களுக்கும் நாற்காலி இல்லை.

அவிநாசி_ரோடு | வியாழன், காலை 10:10

மெர்ச்சண்டைசர், ஆர்டர்களைக் கவனிக்கிற வேலை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது எங்கள் பக்கத்தில் இரண்டு கம்பெனியில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஒரு கம்பெனி முதலாளி சாயங்காலம் டீ முடிந்ததும் எல்லாரையும் பேக்கிங் ஹாலில் கூட்டினார். கையில் இருக்கிற ஆர்டர் எத்தனை வாரம் வரும், அதற்குப் பிறகு ஒன்றரை ஷிப்ட் கிடையாது ஒரு ஷிப்ட்தான், இதற்கிடையில் வேறு இடம் கிடைத்தால் போங்கள், நிலைமை சரியானால் கூப்பிடுகிறேன் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மனிதர் பொதுவாக முசுடு, சிரித்து நான் பார்த்ததில்லை. இன்னொரு கம்பெனியில் யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆயுத பூஜைக்குப் பொரி, சர்க்கரைப் பொங்கல், எல்லாருக்கும் சில்வர் டப்பா. அடுத்த வாரம் பாதிப் பேருக்கு கேட்டில் வைத்து "வேலை இல்லை, சொல்லி அனுப்புறோம்".

யாருக்கு எங்கே போய் நிற்க ஆசை என்று கேட்டால், அந்த முசுடு மனிதர் கூப்பிட்டபோது பெரும்பாலானவர்கள் திரும்பி வந்தார்கள்.

ஊசிக்காது | வியாழன், இரவு 9:55

அவிநாசி ரோடு சொன்னதுதான் எனக்கும். ஓவர்டைம் உண்டு என்பதை ஐந்தேகாலுக்குச் சொல்லாமல் மதியம் பன்னிரண்டுக்குச் சொன்னால் நான் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு பையனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுவேன். ஐந்தேகாலுக்குச் சொன்னால் மடிப்பு அடித்துக்கொண்டே, பையன் பூட்டிய கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பானே என்று நினைத்துக்கொண்டு இருப்பேன். ஷிப்மென்ட் தேதி உங்களுக்கு ஒரு மாதமாகத் தெரியும். எங்களிடம் சொல்ல மட்டும் ஏன் ஐந்தேகால் ஆகிறது?

பூங்கொடி_எச்ஆர் | வியாழன், இரவு 10:20

இதை எழுதாமல் விட்டால் இழை முழுமையாகாது. திண்டுக்கல் பக்கம் ஒரு ஏற்றுமதி ஆலையில் வேலை பார்த்த இளம்பெண் 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்ட பிறகு, தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடி 2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தம் வாங்கியது. திண்டுக்கல் ஒப்பந்தம் என்பார்கள். அதன்படி லைனில் வேலை செய்கிற பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள், புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். சூப்பர்வைசர் நல்லவரா கெட்டவரா என்ற அதிர்ஷ்டத்தை நம்பி இருக்க வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு அதில் பிடித்தது. ஓசூர்க்காரர் சொன்ன கயிறு இங்கே ஆள் உருவத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லைன்_நாலு | ஞாயிறு, மாலை 6:30

எல்லாருக்கும் நன்றி, என்ன ஆனது என்று சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது.

அந்த அக்கா திரும்பி வரவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் அவர் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கே போனேன். உள்ளே கூப்பிட்டார், காபி கொடுத்தார், அதுவே எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஊசி விஷயம் தெரிந்துவிட்டது, நான் பேசியது தப்பு என்று சொன்னேன். "பரவாயில்லீங்க" என்றார். அந்த "ங்க"தான் வலித்தது. வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டார், வேன் வீட்டு வாசலுக்கே வருகிறதாம். கிளம்பும்போது மட்டும், "அந்த ஒடிசாப் பையன் மிஷின்லயும் ஊசி சத்தம் மாறிக் கிடக்குது, அவன் கேட்க மாட்டான், பாருங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன், மழுங்கித்தான் இருந்தது. அவனைக் கூப்பிடும்போதுதான் இன்னொன்று உறைத்தது, ஐந்து பேரையும் நான் "பையா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். பேர் தெரியாது. அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைப் பார்த்துப் படித்தேன். உச்சரிப்பு தப்பு என்று அவர்களே சிரிக்கிறார்கள்.

இப்போது ஊசி டப்பாவை என் மேஜையிலிருந்து எடுத்து லைன் நடுவில் வைத்திருக்கிறேன், பொறுப்பு ஒரு ஹெல்ப்பர் பெண்ணிடம். பழைய ஊசியைக் கொடு, புதியதை வாங்கிக்கொள், ரிஜிஸ்டரில் எழுது, அவ்வளவுதான், கேள்வி கிடையாது. சனிக்கிழமை மத்தியானம் ஒரு தடவை கத்திவிட்டேன், கட்டிங்கிலிருந்து ஷேடு (துணியின் நிறச் சாயல்) கலந்து வந்துவிட்டது. கட்டிங் மாஸ்டரிடம் போய்க் கத்த வேண்டியதை பக்கத்தில் நின்ற ஹெல்ப்பரிடம் கத்தினேன். டீ டைமில் எல்லார் முன்னாலும் "உன் மேல் தப்பு இல்லை" என்று சொன்னேன். பழக்கம் உடனே போகாது போல.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 7:05

ஊசி ஒரு நாளைக்கு எத்தனை ஆகிறது இப்போது?

லைன்_நாலு | ஞாயிறு, இரவு 7:12

முன்னால் ஆறு, ஏழு. இந்த வாரக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதினொன்று. மேனேஜர் நேற்றுக் கேட்டுவிட்டார், என்ன இது என்று. செக்கிங்கில் திரும்பி வந்த கணக்கையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு "இருந்தாலும் பதினொன்று அதிகம்தான்" என்றார்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 7:20

அதிகம்தான். ஹெல்ப்பரிடம் டப்பாவைக் கொடுத்தீர்களே, ரிஜிஸ்டர் எழுதுகிற மாதிரி கட்டம் போட்ட நோட்டு எங்கே வாங்கினீர்கள்?